பாய்மரப் படகு பணக்காரர் பொழுதுபோக்கா?

பாய்மரப் படகோட்டம் என்றதும் நம்மில் பலருக்கு என்ன நினைவு வருகிறது? வெள்ளை உடுப்பு, தொப்பி, கையில் கோப்பை, துறைமுகத்து ஓரத்தில் ஒரு கிளப், அதன் வாயிலில் ஒரு காவலாளி. அந்த நினைவு முழுப் பொய்யல்ல. சென்னைத் துறைமுகத்துக்குள் இருக்கும் ராயல் மெட்ராஸ் யாட் கிளப்பை 1911-ல் நிறுவியவர், அன்று துறைமுக டிரஸ்டின் தலைவராக இருந்த சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் என்ற துரை. அதே நாட்களில் துறைமுகத்துக்கு வடக்கேயும் தெற்கேயும் இருந்த குப்பங்களிலிருந்து கட்டுமரங்கள் பாய் விரித்து வயிற்றுப்பாட்டுக்காகப் போய்க்கொண்டிருந்தன. வீசிய காற்று இரண்டுக்கும் ஒன்றே. ஒரு பாய்க்கு விளையாட்டு என்று பெயர் வந்தது, மற்றொன்றுக்குப் பிழைப்பு என்று பெயர் வந்தது.

குழந்தைகளுக்குப் பாய்மரப் படகு ஓட்டக் கற்றுக் கொடுக்க வேண்டும் என்று நாம் எழுதப் புகும்போது, “விலைவாசியும் வேலையில்லாத் திண்டாட்டமும் கழுத்தை நெரிக்கையில் இது என்ன வேடிக்கை?” என்று சில தோழர்கள் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. கனவான்களின் பிள்ளைகளுக்கு இன்னொரு கோடை வகுப்பு வேண்டும் என்று நாம் வாதாட வரவில்லை. கடலோரத்தில் பிறந்த உழைப்பாளியின் பிள்ளைக்கு இந்த வித்தை உரிமையாகக் கிடைக்க வேண்டும், அதற்கு ஆகும் செலவும் பிறர் பயமுறுத்துகிற அளவு இல்லை என்பதே நமது வாதம்.

1947-ம் ஆண்டுச் சங்கதி

இன்று உலகெங்கும் எட்டு வயதுப் பிள்ளைகள் ஏறிப் பழகும் படகு ஒன்று உண்டு. ஆப்டிமிஸ்ட் என்று பெயர். நீளம் 2.3 மீட்டர். உடல் எடை 35 கிலோ. மூக்குப் பகுதி கூராக இராது. பெட்டியைப் பாதியில் அறுத்தது போல மொட்டையாக இருக்கும். மூன்றரை சதுர மீட்டர் பாய் ஒன்று. பார்த்தால் சிரிப்பு வரும். ஆனால் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட படகுகள் இந்த வகையில் செய்யப்பட்டு, நூற்றுக்கும் அதிகமான நாடுகளில் ஓடுகின்றன.

இது எப்படிப் பிறந்தது? அமெரிக்காவில் புளோரிடாவில் கிளியர்வாட்டர் என்ற ஊர். அங்கே சிறுவர்கள் சோப்புப் பெட்டியில் சக்கரம் மாட்டி மேட்டிலிருந்து உருட்டிப் பந்தயம் விடுவார்கள். அது போல் தண்ணீரில் ஓடும் பெட்டி ஒன்று வேண்டும், 50 டாலருக்குள் முடிய வேண்டும் என்று கிளிபர்ட் மெக்கே என்பவர் கேட்டார். கிளார்க் மில்ஸ் என்ற படகுத் தச்சர் இரண்டே இரண்டு ஒட்டுப்பலகைகளைக் கொண்டு அந்தப் படகைச் செய்து காட்டினார். பலகையின் நீளம் எட்டடி. ஆகவே படகும் எட்டடியைத் தாண்டவில்லை. மொட்டை மூக்கின் ரகசியமும் இதுதான். வரைபடத்தை அவர் காசுக்கு விற்காமல் கொடுத்துவிட்டார். அப்பனும் மகனும் வீட்டுக் கொல்லையில் உட்கார்ந்து அறுத்து, ஆணி அடித்து, வர்ணம் பூசிக் கடலில் இறக்கக் கூடிய படகு அது.

அதே 1947-ல் பிரான்சிலும் ஒரு காரியம் நடந்தது. ஹிட்லரின் படைகளை எதிர்த்துத் தலைமறைவாகப் போராடிய பிலிப் வியன்னே, எலேன் வியன்னே தம்பதிகள், அந்தப் போராட்டத்தில் உடலும் மனமும் நொந்து திரும்பிய இளைஞர்கள் தேறுவதற்கென்று பிரிட்டனிக் கரைக்கு அப்பால் உள்ள கிளெனான் தீவுகளில் ஒரு முகாம் அமைத்தார்கள். அந்த முகாம் ஐரோப்பாவின் பேர்போன படகோட்டப் பள்ளிகளில் ஒன்றாக வளர்ந்தது. அங்கே சமையலும், பாத்திரம் கழுவுவதும், படகு செப்பனிடுவதும் கற்க வந்தவர்களின் வேலை. கற்றுக் கொடுத்தவர்களில் பெரும்பாலோர் சம்பளம் வாங்காத தொண்டர்கள். 1960-களிலிருந்து பிரெஞ்சுப் பள்ளிக்கூடங்கள் ஒரு வகுப்பையே, வாத்தியாரோடும் பாடப்புத்தகத்தோடும், சில வாரங்களுக்குக் கடற்கரைக்குக் கொண்டுபோய்ப் பாடம் நடத்தலாயின. காலையில் கணக்கு, பிற்பகலில் பாய்.

இங்கிலாந்தின் கதை பத்திரிகைக்காரர்களான நமக்குக் கொஞ்சம் பொறாமை தருவது. 1963-ல் ‘டெய்லி மிரர்’ என்ற செய்தித்தாள் தன் வாசகர்களுக்காகவே ஒரு படகை வெளியிட்டது. ஜாக் ஹோல்ட் என்ற படகுத் தச்சரும், வீட்டு வேலைகளை டெலிவிஷனில் செய்து காட்டி வந்த பாரி பக்நெல்லும் சேர்ந்து வரைந்தது. ஒட்டுப்பலகைத் துண்டுகளைச் செம்புக் கம்பியால் தைத்துப் பசை பூசி ஒட்டினால் படகு ஆயிற்று. விலை 63 பவுண்டு 11 ஷில்லிங். பாயின் நிறம் சிவப்பு! எழுபதாயிரம் படகுகள் ஆயின. தொழிலாளி வீட்டுச் சந்துகளிலும் கார் கொட்டகைகளிலும் பிறந்த படகுகள் அவை.

ஆகவே பணக்காரர் விளையாட்டு என்பது படகின் பிறவிக் குணமல்ல. பின்னால் வந்து ஒட்டிக்கொண்ட அழுக்கு அது. இன்று பந்தயத்துக்குத் தகுந்த புது ஆப்டிமிஸ்ட் கண்ணாடி இழையில் வார்க்கப்பட்டு லட்சங்களில் விலை சொல்லப்படுகிறது. பந்தயத்துக்கு அது வேண்டியிருக்கலாம். கற்றுக் கொடுக்க ஒட்டுப்பலகை இன்றைக்கும் போதும்.

என்ன கற்றுக் கொடுப்பது?

இதை விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் பெரிய மர்மம் போலக் காட்டியே பலரை ஒதுக்கி வைத்திருக்கிறார்கள்.

முதல் பாடம் கரையில். பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு நிற்க வேண்டும். முகத்தை மெல்லத் திருப்ப வேண்டும். இரண்டு காதிலும் காற்று ஒரே அளவில் உரசும்போது முகம் எந்தப் பக்கம் இருக்கிறதோ, அங்கிருந்துதான் காற்று வருகிறது. கொடியைப் பார், புகையைப் பார், தண்ணீரின் மேல் கருத்து ஓடும் சிற்றலையைப் பார். காற்று வரும் திசையை யோசிக்காமல் சொல்லத் தெரிந்த பிள்ளை பாதி கற்ற பிள்ளை.

அடுத்தது மணலில் நிற்கும் படகில் உட்கார்ந்து பழகுவது. காற்று வரும் பக்கத்தில் உட்கார வேண்டும். பின்கையில் சுக்கான் பிடி. முன்கையில் பாயை இழுக்கும் கயிறு. நம் கடற்புறத்தார் தாமான் என்று சொல்வார்களே, அது. சுக்கான் பிடியை வலப்புறம் தள்ளினால் படகின் மூக்கு இடப்புறம் திரும்பும். சைக்கிள் பழகிய கைக்கு இது தலைகீழாகத் தோன்றும். மணலிலேயே ஐம்பது தடவை தள்ளிப் பார்த்துவிட்டால் தண்ணீரில் குழப்பம் குறையும்.

பிறகு, ஓட்டுவதற்கு முன்பே கவிழ்க்கக் கற்றுக் கொடுக்க வேண்டும். இது விசித்திரமாகத் தோன்றலாம். ஆனால் பயத்தை ஓட்ட இதைவிட நல்ல வழி இல்லை. இடுப்பளவு அமைதியான தண்ணீரில், வேண்டுமென்றே படகைக் கவிழ்க்க வேண்டும். முதல் கட்டளை: படகை விட்டு விலகாதே. கரை பக்கத்தில்தான் இருக்கிறது என்று நீந்தப் புறப்படாதே. மிதக்கும் படகைத் தேடுகிறவர் கண்டுவிடுவார், தனியே மிதக்கும் தலையைக் காண்பது கடினம். சுற்றி வந்து, படகின் அடியிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் நடுப்பலகையைப் பிடித்து உடல் எடையைக் கொடுத்துத் தொங்கினால் படகு நிமிரும். உள்ளே மூன்று காற்றுப் பைகள் கட்டியிருப்பதால் அது மூழ்காது. ஏறி உட்கார்ந்து வாளியால் தண்ணீரை இறைக்க வேண்டும். வாளியைக் கயிற்றால் படகோடு கட்டி வைக்க மறந்தவன் அன்று ஒரு பாடம் அதிகமாகப் படிப்பான்.

நீச்சல் தெரியாத பிள்ளையைப் படகில் ஏற்றக்கூடாது. உயிர்காப்பு அங்கி இல்லாமல் யாரையும் ஏற்றக்கூடாது, வாத்தியார் உட்பட. இதில் நாம் எந்தச் சலுகைக்கும் இடம் தரமாட்டோம்.

இனி ஓட்டம். முதலில் காற்று பக்கவாட்டில் வரும்படி இரண்டு மிதவைகளுக்கு நடுவே போய் வரச் சொல்ல வேண்டும். பாயை எவ்வளவு இழுப்பது? நம் தமிழில் ‘விட்டுப் பிடி’ என்ற சொல் இருக்கிறதே, அதுவேதான். கயிற்றை மெல்ல விடு. பாயின் முன்விளிம்பு படபடக்கும். மெல்ல இழு, படபடப்பு நிற்கும் இடத்தில் நிறுத்து. காற்று மாறிக்கொண்டே இருக்கும், ஆகவே இந்த விட்டுப் பிடித்தலும் ஓயாது. பயம் வந்தால் கயிற்றையும் சுக்கானையும் விட்டுவிடு. பாய் கொடியைப் போல ஆடும், படகு ஓட்டம் தணியும். கைவிட்டால் தணியும் வாகனம் என்று தெரிந்ததும் பிள்ளையின் தோள் இறங்குவதைக் கண்ணால் காணலாம்.

அதன் பிறகுதான் காற்றை எதிர்த்துப் போகும் பாடம். காற்று வரும் திசைக்கு இரு பக்கமும் ஏறத்தாழ 45 பாகை வரை எந்தப் படகும் நேராகப் போகாது. வலமும் இடமுமாக வளைந்து வளைந்து ஏற வேண்டும். எதிர்க்காற்றில் படகு முன்னேறுவது எப்படி என்று பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள். ஈரமான புளியங்கொட்டையை இரண்டு விரலுக்கு நடுவே நசுக்கினால் முன்னே தெறிக்கிறதல்லவா? பாய் ஒரு பக்கம் தள்ளுகிறது, தண்ணீருக்குள் நடுப்பலகை அதை மறிக்கிறது, மீதி வழி முன்பக்கம்தான். பௌதிக வாத்தியார் இதற்கு அதிகம் சொல்லலாம். பத்து வயதுக்கு இது போதும்.

பின்காற்றில் பாயைப் பக்கம் மாற்றுவது கடைசிப் பாடம். பாயின் அடியில் உள்ள கழி சட்டென்று ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்கு வீசும். குனியாத தலைக்கு அடி நிச்சயம். பாதை விதிகளையும் இதோடு சொல்லிவிடலாம்: வலப்பக்கத்தில் காற்று வாங்கி ஓடும் படகுக்கு, இடப்பக்கத்தில் வாங்கும் படகு வழிவிட வேண்டும். இருவரும் ஒரே பக்கம் வாங்கினால், காற்று வரும் பக்கம் இருப்பவர் ஒதுங்க வேண்டும். பணக்காரன் படகு, ஏழை படகு என்று விதியில் இல்லை.

கற்பிப்பவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. மோட்டார் படகில் நின்றுகொண்டு இடைவிடாமல் கூச்சல் போடுவது கற்பித்தலாகாது. காற்றில் பாதிச் சொல் பறந்துபோகும், மீதிப் பாதி பயமுறுத்தும். புறப்படுமுன் ஒரு சங்கதி, திரும்பி வந்தபின் ஒரு கேள்வி, அவ்வளவு போதும். இங்கிலாந்தின் ராயல் யாட்டிங் சங்கம், தனித்தனிப் படகில் போகும் ஆறு பிள்ளைகளுக்கு ஒரு ஆசிரியர் என்று கணக்கு வைத்திருக்கிறது. நாம் அதற்கும் மேலே போகக்கூடாது.

நம் கரையில் யாருக்குத் தெரியும்?

வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று நான்கு திசைக் காற்றுக்கும் பெயர் வைத்திருக்கும் ஜனங்கள் நம்முடையவர்கள். தூத்துக்குடித் தோணிகள் பாய் விரித்துக் கொழும்புக்குச் சரக்கு கொண்டுபோயின. இன்றும் இராமநாதபுரம் ஜில்லாவின் கடலோரக் கிராமங்களில் கோயில் திருவிழாவையொட்டிப் பாய்மரப் படகுப் பந்தயம் நடக்கிறது. ஆனால் வலையும் எஞ்சினும் மாறிய வேகத்தில் பாய் மடிந்துவிட்டது. 2004 சுனாமிக்குப் பிறகு கட்டுமரங்கள் போன இடத்தில் வெளிப்புற எஞ்சின் வைத்த கண்ணாடி இழைப் படகுகள் பெருவாரியாக வந்தன. உழைப்பு குறைந்தது, அதை நாம் குறை சொல்லவில்லை. கட்டுமரக் காலத்தை யாரும் ஏக்கத்தோடு பாட வேண்டியதில்லை, அது எலும்பை உருக்கிய பிழைப்பு. ஆனால் நடுக்கடலில் எஞ்சின் நின்றுபோனால், காற்றை வைத்துக் கரை சேரத் தெரிந்த கை படகில் இருக்கிறதா என்பது உயிர்ப் பிரச்னை. பாட்டனுக்குத் தெரிந்தது பேரனுக்குத் தெரியாது. அந்தப் பாட்டன்களில் பலர் இன்னும் உயிரோடு, கரையில் வலை பின்னிக்கொண்டு இருக்கிறார்கள். அவர்களை யாரும் வாத்தியார் என்று அழைத்ததில்லை.

தண்ணீரில் சாவது சிறு விஷயமுமல்ல. 2021-ல் உலகெங்கும் ஏறத்தாழ 3 லட்சம் பேர் மூழ்கி இறந்ததாக உலகச் சுகாதார ஸ்தாபனம் கணக்குக் கொடுத்திருக்கிறது. பள்ளிப் பருவத்துப் பிள்ளைகளுக்கு நீச்சலும் நீர்ப்பாதுகாப்பும் கற்பிக்க வேண்டும் என்பது அதன் ஆலோசனைகளில் ஒன்று. ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கரை கொண்ட நம் மாநிலத்தில் எத்தனை சர்க்கார் பள்ளிகளின் கால அட்டவணையில் இது இருக்கிறது?

“சமுத்திரம் ஆபத்தானது, பிள்ளைகளை அனுப்பலாமா?” என்பார்கள். நம் கரையின் அலையடிப்பில் ஆரம்பப் பிள்ளையை இறக்குவது மூடத்தனம் என்பதை நாமும் ஒப்புக்கொள்கிறோம். அதற்கென்று பழவேற்காடு இருக்கிறது, முட்டுக்காடு இருக்கிறது, ஆழம் குறைந்த பாக் நீரிணை இருக்கிறது, உள்நாட்டில் ஏரிகள் இருக்கின்றன. தென்மேற்குப் பருவக்காற்று மாதங்களில் கிழக்குக் கரையில் காலை வேளையில் காற்று தரையிலிருந்து கடலை நோக்கி வீசும். கரையோரத் தண்ணீர் அப்போது குளம் போல இருக்கும். தெரியாதவர் அதைப் பார்த்து நல்ல வேளை என்று படகை இறக்குவார். சிறு பாய் சிரமமில்லாமல் வெளியே போகும், திரும்புவதற்குத்தான் முடியாது. கடற்புறத்துக் கிழவருக்கு இது தெரியும். எந்த அதிகாரிக்கும் தெரியாவிட்டால், அதிகாரி கிழவரைக் கேட்கட்டும்.

“நம்மவர்களுக்கு இது வராது” என்பது அடுத்த பேச்சு. சமுத்திரமே இல்லாத மத்தியப் பிரதேசத்தில், போபால் ஏரியில் சர்க்கார் நடத்தும் படகோட்டப் பள்ளியில் படித்தவர் நேஹா தாகுர், விவசாயி வீட்டுப் பெண். 2023-ல் ஹாங்சௌவில் நடந்த ஆசிய விளையாட்டில் 17 வயதில் வெள்ளிப் பதக்கம் பெற்றார். அதே போட்டியில் வெண்கலம் பெற்ற இபாத் அலியும் அந்தப் பள்ளி மாணவர்தான். இன்னொரு வெண்கலம் பெற்ற விஷ்ணு சரவணன் வேலூர்க்காரர், ராணுவத்தில் பணிபுரிபவர். சென்னையில் ஒரு கோடை முகாமில் படகு பிடித்த நேத்ரா குமணன், 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்குக்குப் படகோட்டத்தில் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண் ஆனார். ஹைதராபாத்தின் ஹுசேன் சாகர் ஏரியில் சர்க்கார் பள்ளிகளின் ஏழைப் பிள்ளைகள் பயிற்சி பெற்று தேசியப் போட்டிகளில் பதக்கம் வாங்கியிருக்கிறார்கள். வாய்ப்பு கிடைத்த இடத்தில் வந்திருக்கிறது. கிடைக்காத இடத்தில் எப்படி வரும்?

ஆயினும் பதக்கத்தை மட்டுமே குறிவைக்கும் போக்கை நாம் ஆதரிக்கவில்லை. பிள்ளைகளை நிறுத்து, அளந்து, நாலு பேரைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு நாற்பது பேரை வீட்டுக்கு அனுப்பிவிடுவது பயிற்சியாகாது. ஆப்டிமிஸ்ட் பந்தயத்தில் 15 வயதோடு பிள்ளைக்கு விடை கொடுத்துவிடுகிறார்கள். அதற்குப் பின் அவன் எங்கே போவான்? ஒற்றை ஆள் படகிலேயே வளரும் பிள்ளைக்குத் தோழமை குறைகிறது என்ற குறையும் உண்டு. இரண்டு பேர் ஏறும் படகில் ஒருவன் சுக்கானும் மற்றவன் பாயுமாக ஒருவரை ஒருவர் நம்பி ஓட்டுவதும், கரைக்கு வந்தபின் எல்லோரும் சேர்ந்து கழுவித் துடைப்பதும் நமக்கு மேலாகப் படுகிறது. கிளெனான் தீவுக்காரர்கள் அதைச் செய்து காட்டினார்கள்.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் நம் கடற்புறத்தாரிடமும் சண்டை போட வேண்டியிருக்கிறது. பெண் படகில் கால் வைத்தால் ஆகாது என்ற எண்ணம் பல ஊர்களில் இன்னும் சாகவில்லை. மீனைச் சுமப்பதும், ஏலம் கேட்பதும், கருவாடு காயவைப்பதும் பெண்கள். அந்தத் தலைச்சுமைக்கு இல்லாத தீட்டு படகுக்கு மட்டும் ஏன்?

கேட்பது என்ன? கடலோர ஜில்லாக்களின் தொழிற்பயிற்சி நிலையங்களில் மர வேலை கற்கும் மாணவர்கள் ஒட்டுப்பலகைப் படகு செய்யட்டும். நான்கு படகு ஒரு பள்ளிக்கு முதல் ஆண்டுக்குப் போதும். கடற்புறத்து அனுபவசாலிகளுக்குப் பாதுகாப்புப் பயிற்சி கொடுத்து, ஆசிரியராக நியமித்து மாதச் சம்பளம் கொடுக்க வேண்டும். கௌரவச் சால்வை வேண்டாம். காவலுக்கு ஒரு மோட்டார் படகு, அதற்கு எண்ணெய், பிள்ளைகளின் அளவுக்குத் தைத்த அங்கிகள். சென்னையில் துறைமுகத்துக்குள் நுழையவே அனுமதி வேண்டும் என்ற நிலையில், சுவருக்கு வெளியே இருக்கும் குப்பத்துப் பிள்ளைகளுக்கென்று வாரத்தில் இரண்டு நாள் அந்த அமைதியான தண்ணீரைத் திறந்துவிட வேண்டும்.

இவற்றில் பெரிய செலவு மோட்டார் படகும் அதன் எண்ணெயும்தான். அங்கேதான் சர்க்கார் கை இழுக்கும் என்பதும் நமக்குத் தெரியும். “படகு கொடுத்துவிட்டோம், காவல் படகை ஊர்க்காரர்களே பார்த்துக்கொள்ளட்டும்” என்று சொல்லி வந்தால் பெற்றோர்கள் அந்தத் திட்டத்தை ஒப்புக்கொள்ளக்கூடாது. காவல் படகு இல்லாத நாளில் பாய் ஏறக்கூடாது.

புயல் மாதங்கள் கழிந்து, வாடையும் தணிந்த பின், மார்ச்சிலும் ஏப்ரலிலும் பாக் நீரிணைக் கடல் ஆரம்பப் பிள்ளைகளுக்கு ஏற்றதாக இருக்கும். பலகை வாங்கி, அறுத்து, ஒட்டி, வர்ணம் காயவைக்க அதற்குள் அவகாசம் உண்டு.